32 பல்லு, 61.6 மி.மீ. – இது என்ன கியர்?

கேள்வி, கரூர்ல இருந்து – ஜூன் 9

அண்ணா, பஸ் பாடி கட்டற கம்பெனிகளுக்கு வெல்டிங், டர்னிங் ஜாப் பண்றேன். மில் ஏலத்துல எடுத்த பழைய ஆறடி லேத் ஒண்ணு இருக்கு. ஹெட்ஸ்டாக் எண்ட் கவருக்குள்ள டம்ளர் கியர் (ஓட்டத்தோட திசைய மாத்தற சின்ன கியர்) ரெண்டுல ஒண்ணுல, பக்கத்து பக்கத்துல ரெண்டு பல்லு போயிருச்சு. சும்மா ஓடிட்டு இருந்தப்ப தானா உடைஞ்சுது. மெசின்ல பேர்த்தகடு இல்ல. கடையில போனா மாடல் நம்பர் கேக்கறாங்க. ஒருத்தர் 1.75 மாடுல் (மி.மீ. கணக்குல பல்லோட அளவு) போட்டா ஓடும்ங்கறார். இன்னொருத்தர் இதுக்கெல்லாம் பார்ட் கிடைக்காது, எடைக்கு போட்டுட்டு வேற மெசின் பாருங்கறார். என்ன பண்றது?

ஜூன் 9, இரவு

எடைக்கு போடச் சொன்ன ஆளுக்கு பழைய இரும்புக்கடை இருக்கான்னு விசாரிங்க முதல்ல.

கியருக்கு மெசின் பேரு தேவையே இல்ல தம்பி. பட்டாலாவுல செஞ்சதா ராஜ்கோட்டுல செஞ்சதா நம்ம பி.எஸ்.ஜி.யான்னு தெரிஞ்சா நல்லது, தெரியலீன்னா ஒண்ணும் குடி முழுகிப்போகாது. அளவு சொல்லும். இத்தன எனக்கு வேணும்: பல்லு எண்ணிக்கை (உடைஞ்ச ரெண்டையும் சேத்து), பல்லு முனைக்கு முனை வெளி விட்டம், முகம் எவ்வளவு அகலம், நடு ஓட்டை எவ்வளவு, அதுல சாவிக்காடி இருக்கா இல்ல புஷ் போட்டிருக்கா, லீட் ஸ்க்ரூவுல (டூல் நிக்கற கேரேஜ நகத்தற நீள ஸ்க்ரூ) ஒரு இஞ்சுக்கு எத்தன புரி.

எண்றப்ப ஒரு பல்லுல சாக்பீஸ் வச்சுட்டு எண்ணுங்க, ரெண்டு பேரு தனித்தனியா எண்ணுங்க. 31ஆ 32ஆன்னு சந்தேகத்தோட வர்ற ஆளுங்கள நெறைய பாத்திருக்கேன், அங்கயே பாதி வேலை கெட்டுப்போகும். பல்லு ஒத்தப்படையா இருந்தா இன்னொரு வம்பு, ஒரு முனைக்கு நேரெதிர்ல முனை வராது, பள்ளந்தான் வரும், வெர்னியர் கொஞ்சம் கம்மியா காட்டும். 21 பல்லு வீல்ல 0.3 சதவீதம் கிட்ட கம்மியாகும். உங்களுது இரட்டைப்படையா இருந்தா கவலை இல்ல.

ஜூன் 10

சொல்ல விட்டுப்போச்சு. சும்மா ஓடிட்டு இருந்த கியர்ல பக்கத்து பக்கத்துல ரெண்டு பல்லு தானா போகாது. தேஞ்சு போகும், கத்தும், ஓரம் சிதறும். ரெண்டு பல்லு வேரோட போச்சுன்னா எதுவோ எங்கயோ நின்னிருக்கு, மோட்டார் நிக்கல. அன்னைக்கு மெசின்ல யாரு நின்னாங்க, என்ன ஜாப் ஓடுச்சுன்னு கேளுங்க. திட்டறதுக்கு இல்ல. தெரிஞ்சுக்கறதுக்கு.

ஜூன் 11

அளவு வந்துருச்சு. 32 பல்லு, வெளி விட்டம் 61.6, அகலம் 15.9, நடுவுல கன்மெட்டல் புஷ், புஷ் ஓட்டை 19.1. லீட் ஸ்க்ரூ இஞ்சுக்கு 4 புரி.

கணக்கு ரொம்ப சின்னது. நேர் பல்லு கியர்ல வெளி விட்டத்த, பல்லு எண்ணிக்கையோட ரெண்டு கூட்டி வர்ற நம்பரால வகுத்தா மாடுல். 61.6-ஐ 34-ஆல வகுங்க, 1.81 வருது. அப்படி ஒரு மாடுல் கடையில கிடையாது. 1.75-ன்னா 59.5 இருக்கணும், 2-ன்னா 68 இருக்கணும். ரெண்டும் இல்ல. இப்ப 25.4-ஐ அந்த 1.81-ஆல வகுங்க, 14 வருது. இது 14 டி.பி. (டயமெட்ரல் பிட்ச், பிட்ச் விட்டத்துல ஒரு இஞ்சுக்கு 14 பல்லு), இஞ்சு கணக்கு கியர்.

மத்த அளவும் அதையேதான் சொல்லுது. 15.9-ங்கறது 5/8 இஞ்சு, 19.1-ங்கறது 3/4 இஞ்சு. லீட் ஸ்க்ரூ 4 புரின்னு சொன்னப்பவே எனக்கு பாதி தெரிஞ்சுபோச்சு. பழைய இஞ்சு மெசின்ல மாடுல் தேடறது கண்ணாடிய நெத்தியில வச்சுகிட்டு வீடு பூரா தேடற கதைதான்.

ஜூன் 11, கொஞ்ச நேரம் கழிச்சு

அம்பத்தூர்ல இருந்து ஒரு சார் கேக்கறார், 1.75 தேஞ்சு போய் இப்படி காட்டலாமில்லன்னு. தேஞ்சா சிறுசாகும் சார், பெருசாகாது. 59.5-ல செஞ்ச வீல் 61.6 ஆகறதுக்கு வழியே இல்ல.

ஜூன் 12

ராத்திரி படுத்துட்டு யோசிச்சா அந்த சார் கேட்டதுல வேற ஒரு நியாயம் இருக்கு. சில கியர்ல வேணும்னே பல்ல வெளிய தள்ளி அறுப்பாங்க, கம்மி பல்லு வீல்ல வேர் மெலிஞ்சு போகாம இருக்க, இல்ல சென்டர் தூரம் ஒத்து வர்றதுக்கு. அப்ப வெளி விட்டம் கணக்குக்கு மேல நிக்கும். 32 பல்லுல அப்படி செய்ய காரணம் இல்லதான், ஆனா ஒரே ஒரு வீல அளந்து முடிவு கட்ட வேண்டாம். தம்பி, அதே கூட்டத்துல ஓடற வேற நல்ல வீல் இருக்கா? பெருசா இருந்தா ரொம்ப நல்லது. பெரிய வீல்ல வெர்னியர் அரை மி.மீ. தப்பினாலும் கணக்கு ஆடாது.

ஜூன் 12, சாயங்காலம்

மெசினோட வந்த டப்பாவுல பெரிய வீல் ஒண்ணு, எண்ணிப் பாத்தா 127 பல்லுன்னு எழுதியிருக்கார். விட்டம் 234. வகுத்துப் பாருங்க, 234-ஐ 129-ஆல. 1.814. கேஸ் முடிஞ்சுது, 14 டி.பி. தான்.

அந்த 127 வீல தயவுசெஞ்சு பழைய இரும்போட போட்டுடாதீங்க. இஞ்சு லீட் ஸ்க்ரூவ வச்சுகிட்டு மி.மீ. புரி சுத்தமா வெட்டறதுக்கு அதுதான் வேணும். ஒரு இஞ்சு 25.4, அத 5-ஆல பெருக்கினா 127, அதுக்கு கம்மியா முழு நம்பர் வராது, அதான் இப்படி ஒரு கோக்குமாக்கான எண்ணிக்கையில பெரிய வீல். இடம் பத்தாத சின்ன லேத்துல 63 போட்டு ஒப்பேத்துவாங்க, சின்ன நீளத்துக்கு பரவால்ல. உங்ககிட்ட நிஜ வீலே இருக்கு. ஏலத்துல மெசினவிட அந்த டப்பாதான் லாபம்னு சொல்லுவேன்.

ஜூன் 13

டி.பி. தெரிஞ்சா போதுமான்னா போதாது. பல்லோட சாய்வு கோணம் இருக்கு. பழைய இஞ்சு கியர்ல 14½ டிகிரி நெறைய, பின்னாடி வந்ததெல்லாம் 20. பாத்தா தெரியாதா? பழகின கண்ணுக்கு தெரியும், 20 டிகிரி பல்லு வேர்ல அகலமா, முனையில ஒல்லியா நிக்கும். ஆனா தேஞ்ச வீல்ல கண்ண நம்பாதீங்க.

வெர்னியர் தாடையில மூணு பல்ல சேத்துப் பிடிச்சு அளங்க. அதே எடத்துல நாலு பல்ல சேத்துப் பிடிச்சு அளங்க. தாடை பல்லோட பக்கத்த தொடணும், முனைய தொடக்கூடாது, லேசா ஆட்டிப் பாத்து எங்க கம்மியா காட்டுதோ அத எடுத்துக்கோங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுந்தான் நமக்கு வேணும். தேய்மானம் ரெண்டு அளவுலயும் இருக்கறதால கழிக்கறப்ப பெரும்பாலும் அடிபட்டுப் போயிரும், அதான் இதுல அழகு. 14 டி.பி.யில 14½ டிகிரின்னா வித்தியாசம் 5.52 வரணும், 20 டிகிரின்னா 5.36. கடைக்காரர் சொன்ன 1.75 மாடுல் 20 டிகிரி வீலுக்கு 5.17 தான். உடையாத பக்கத்துல அளங்க.

ஜூன் 14

மூணு பல்லுக்கு 13.92, நாலுக்கு 19.42. வித்தியாசம் 5.50. 14½ டிகிரி. இனி கடைக்காரர்கிட்ட மாடல் நம்பர்னு நிக்க வேண்டியதில்ல, "14 டி.பி., 14½ டிகிரி, 32 பல்லு, 5/8 முகம்" இவ்வளவு சொன்னா கியர் அறுக்கறவருக்கு மறு கேள்வி வராது.

1.75 போட்டா என்ன ஆகும்னு ரெண்டு பேரு கேட்டாச்சு. ஓடும். மாட்டினவுடனே ஓடும், அதுதான் பிரச்சினை. நான் பழகுன பட்டறையில ஃபீட் பக்கம் ஒரு வீல் போனப்ப, ஏறக்குறைய ஒண்ணுதான்னு ஒரு கடையில குடுத்தத வாங்கி மாட்டினாங்க. கிறீச்னு ஒரு சத்தம், பழகிரும் பழகிரும்னாங்க. பழகுச்சு, பக்கத்து நல்ல வீல தின்னு பழகுச்சு. ஒரு வீலுக்கு பதிலா மூணு வீல் மாத்தினோம். தலைவலி போய் திருகுவலி. 5.17-ம் 5.52-ம் எங்கயும் சேராது, ஒவ்வொரு பல்லும் எதிர் பல்லோட முனையில இடிச்சுத்தான் உள்ள போகும்.

ஜூன் 15

கியர் வர்ற வரைக்கும் மெசின் நிக்குது, ஜாப் நிக்குதுன்னு தம்பி புலம்பியிருக்கார். உடைஞ்சது எந்த வீல்ங்கறது இப்ப முக்கியம். டம்ளர்ல ரெண்டு வீல். ஒண்ணு ஸ்டட் கியர (லீட் ஸ்க்ரூ பக்கம் ஓட்டத்த கடத்தறது) எப்பவும் தொட்டுகிட்டே இருக்கும். இன்னொண்ணு ஃபார்வர்டுல மட்டும் ஸ்பிண்டில் (சக் மாட்டற தண்டு) கியருக்கும் முதல் வீலுக்கும் நடுவுல வந்து நிக்கும். லீவர மாத்தினா முதல் வீல் நேரா ஸ்பிண்டில் கியர்ல போய் உக்காரும், ரெண்டாவது சும்மா சுத்தும். ரெண்டாவதுதான் உடைஞ்சதுன்னா உங்களுக்கு அதிர்ஷ்டம். அத கழட்டி வச்சுட்டு லீவர ரிவர்ஸ்ல போட்டு ஓட்டுங்க.

ரிவர்ஸ்ல கேரேஜ் டெயில்ஸ்டாக் பக்கம் போகுமே? போகும். அதுக்கு குவாட்ரண்ட்ல (மாத்து வீல்கள தாங்கற கை) நடுவுல இன்னொரு வீல சும்மா இடைவீலா சேத்துருங்க, திசை மறுபடி திரும்பிரும். இடைவீலுக்கு பல்லு எத்தனைன்னாலும் வேகக்கணக்கு மாறாது, 14 டி.பி.யா இருந்து இடத்துல உக்காந்தா போதும். உங்க டப்பாவுல இருக்கறதுல ஏதாவது ஒண்ணு சேரும்.

மாட்டறப்ப ரெண்டு வீலுக்கு நடுவுல ஒரு துண்டு நோட்டு பேப்பர குடுத்து அமுக்கி டைட் பண்ணிட்டு, கையால சுத்தி பேப்பர வெளிய எடுங்க. பேப்பர் நெளிநெளியா மடிஞ்சு கிழியாம வந்தா சரி. கிழிஞ்சு வந்தா ரொம்ப இறுக்கம்.

ஜூன் 17

ஓடுதாம். சந்தோசம். ஆனா இப்பத்தான் உண்மை வெளிய வருது. அன்னைக்கு பையன் வைஸ் ஸ்க்ரூவுக்கு இஞ்சுக்கு 4 புரி சதுரப்புரி வெட்டிட்டு இருந்திருக்கான், ஹாஃப் நட்ட (கேரேஜ லீட் ஸ்க்ரூவோட கோக்கற பிடி) எடுக்க விட்டுட்டான், கேரேஜ் போய் சக் தாடையில நின்னுருச்சு. தம்பி அனுப்பின படத்துலயே கேரேஜ் பக்கம் பளபளன்னு புதுக் காயம் தெரியுது. தானா உடைஞ்சுதாமா.

சரி, அது எல்லா பட்டறையிலும் நடக்கறதுதான், அந்தப் பையன போட்டு வாட்டாதீங்க. எனக்கு கேள்வி வேற. கேரேஜ் முட்டினா கியர் உடையக்கூடாது. லீட் ஸ்க்ரூ கப்ளிங்ல ஒரு பின் இருக்கும், அது அறுந்து, ஸ்க்ரூ நின்னு, கியரெல்லாம் சும்மா சுத்திட்டு இருந்திருக்கணும். அந்தப் பின் ஏன் அறுகல? கப்ளிங்கத் தொடச்சுட்டு படம் எடுத்துப் போடுங்க, பின்ன அரத்தால ஒரு தேய் தேச்சும் பாருங்க.

ஜூன் 18

அரம் வழுக்கிட்டு போகுதாம். ஒரு கீறல் விழலையாம்.

நான் நெனச்சேன். எவனோ ஒரு மகராசன் கால் இஞ்சு உருண்டை எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல், ரொம்ப கடினம்) டூல் பிட்ட கிரைண்டர்ல தேச்சு சொருகி வச்சிருக்கான். படத்த பெருசாக்கிப் பாத்தா கிரைண்டர் பட்ட சின்னச் சின்ன பட்டைகள் தெரியுது. அடிக்கடி பின் போகுது, தொந்தரவா இருக்குன்னு செஞ்சிருப்பான். ஃபியூஸ் போற எடத்துல தடிக் கம்பிய முறுக்கி விட்ட வேலை. ஸ்க்ரூ நின்னா பின் அறுகாது, பின் அறுகலீன்னா பாரம் வந்த வழியே திரும்பிப் போகும், குவாட்ரண்ட் வீல், ஸ்டட், டம்ளர்னு தேடிட்டே போய் எங்க பலம் கம்மியோ அங்க தீத்துக்கும். 4 புரி மாதிரி பெரும் புரின்னா ஸ்பிண்டில் பக்கத்து வீல்களுக்கு பாரம் இன்னும் ஜாஸ்தி. காஸ்ட் அயர்ன் டம்ளர் வீல் மாட்டுச்சு.

ஆக உங்க மெசின்ல உடைஞ்ச பார்ட் கியர் இல்ல தம்பி. உடையாம இருந்த பின்னுதான் பழுது. புது கியர் மட்டும் போட்டு ஓட்டினீங்கன்னா அடுத்த தடவ ஸ்பிண்டில் கியரே போகலாம், அது ஹெட்ஸ்டாக்க பிரிக்கற வேலை.

பின்னுக்கு 5 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கம்பி போதும். ஓட்டை அளவு பாத்துட்டு சொல்லுங்க.

ஜூன் 19

ஓட்டை அளவு வந்துருச்சு, நேத்து சொன்ன 5 மி.மீ. நேர் கம்பி இதுக்கு சேராது. ஒரு வாய் 6.35, மறு வாய் 5.6 கிட்ட. ட்ரில் பிட்டோட ஷாங்க் ஒவ்வொண்ணா நுழைச்சுப் பாத்திருக்கார், நல்ல வேலை. கப்ளிங் ஸ்லீவோட சேத்து குறுக்கு நீளம் 38. அப்ப இது டேப்பர் பின் ஓட்டை.

இஞ்சு டேப்பர் பின் 48-க்கு 1 (48 நீளத்துக்கு விட்டம் 1 குறையும்), மி.மீ. டேப்பர் பின் 50-க்கு 1. 38 மி.மீ. நீளத்துல ரெண்டுக்கும் வித்தியாசம் 0.03 தான், தலைய உடைச்சுக்க வேண்டாம். இஞ்சு பின் தேடி அலையாதீங்க. 50-க்கு 1 டேப்பர் ரீமர் (ஓட்டைய சீவி பெருசாக்கற டூல்) ஒண்ணு வாங்கி, ஸ்லீவ ஷாஃப்டுல மாட்டின நிலையிலயே ரெண்டையும் சேத்து ஒரே ஓட்டமா ரீம் பண்ணிருங்க, 6 மி.மீ. டேப்பர் பின் உக்கார்ற அளவுக்கு. மி.மீ. டேப்பர் பின்னுல 6-ன்னு போட்டிருந்தா அது சின்ன முனை அளவு, பெரிய முனை இந்த நீளத்துக்கு 6.76 வரும், அத மனசுல வச்சுகிட்டு ரீமர கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, பின்ன விட்டு விட்டு பாருங்க. ரீமர் வலது பக்கம் மட்டுந்தான் சுத்தணும், எடுக்கறப்பவும்.

கடையில வர்ற சாதாரண டேப்பர் பின் ஹார்டு பண்ணாதது, அரம் பிடிக்கும். வாங்கறப்பவே ஒரு தேய் தேச்சுப் பாத்து வாங்குங்க. அதுலயும், ஸ்லீவும் ஷாஃப்டும் சேர்ற ரெண்டு எடத்துலயும் வி பள்ளம் எடுத்து 4.5 மி.மீ.க்கு கழுத்த குறைச்சுருங்க. பலம் விட்டத்தோட வர்க்கத்துல போகும், அங்க 6.4 கிட்ட இருக்கறது 4.5 ஆனா ஏறக்குறைய பாதி. அறுந்தா அந்தக் கழுத்துல சுத்தமா அறுகும், பிசிறு ஓட்டைய கெடுக்காது.

ஜூன் 20

பித்தளைதான் போடணும்னு அம்பத்தூர் சார். போடலாம், போடறாங்க, குறை சொல்லல. என் அனுபவத்துல புரி வெட்டற லேத்துல முன்னும் பின்னும் மாத்தி மாத்தி ஓட்டறப்ப பித்தளைப் பின் அடிவாங்கி தளர்ந்து, கப்ளிங் ஆட ஆரம்பிச்சிரும். ஃபீட் ராடுக்கு பித்தளை, லீட் ஸ்க்ரூவுக்கு கழுத்து எடுத்த எம்.எஸ்., இது என் பழக்கம். சார் பழக்கம் வேறயா இருக்கலாம்.

பின்னே வேண்டாம், ஸ்லீவ வெல்டு அடிச்சுரலாம்னு கீழ ஒரு தம்பி. உங்க பட்டறை எங்க இருக்குன்னு சொல்லுங்க, அந்தப் பக்கம் வராம பாத்துக்கறேன்.

ஜூன் 24

கியர் விசயம். கோயமுத்தூர்ல ஃபவுண்டரிக்கா பஞ்சம், காஸ்ட் அயர்ன் உருண்டை எங்கயும் கிடைக்கும். கணபதி பக்கம் ஒரு மில்லிங் பட்டறையில அறுக்கறதுன்னு பேசியாச்சு. ஹாப்பிங் (ஸ்க்ரூ மாதிரி கட்டரால ஒரே ஓட்டமா பல்லு அறுக்கறது) போடறவங்க பலபேர்கிட்ட மாடுல் ஹாப் தான் இருக்கு, 14 டி.பி. கேட்டா முழிக்கறாங்க, அதனால பழைய முறை, டிவைடிங் ஹெட் (வட்டத்த சமமா பிரிச்சுத் திருப்பற சாதனம்) வச்சு ஒரு ஒரு பல்லா.

இ.என். 8 ஸ்டீல்ல செய்யலாமான்னு தம்பி கேட்டார். செய்யலாம், பலமா இருக்கும். ஆனா கூட ஓடற பழைய வீலெல்லாம் காஸ்ட் அயர்ன், நடுவுல ஒண்ணு மட்டும் பலமா இருந்து என்ன லாபம், அடுத்தது அடி வாங்கும். காஸ்ட் அயர்னே போதும்னுட்டேன். சத்தமும் கம்மி.

பிளாங்க் (பல்லு வெட்டாத வட்டு) 61.69-க்கு டர்ன் பண்ணணும், பழைய வீல்ல அளந்த 61.6 இல்ல. பல்லு ஆழம் 3.91. டிவைடிங் ஹெட் 40-க்கு 1 (கைப்பிடி 40 சுத்தினா வீல் ஒரு சுத்து), 32 பல்லுன்னா ஒரு முழு சுத்து, அதுக்கு மேல கால் சுத்து. 16 ஓட்டை வட்டத்துல 4 ஓட்டை. இதவிட சுலபமான எண்ணிக்கை கிடையாது, 31-ஆ இருந்திருந்தா தட்டு மாத்தணும்.

கட்டர்லதான் ஒரு கண்ணி இருக்கு. டி.பி. கட்டர் செட்டுல எட்டு நம்பர். 1-ம் நம்பர் 135 பல்லுக்கு மேல, அப்படியே இறங்கி 8-ம் நம்பர் 12, 13 பல்லுக்கு. 32 பல்லுன்னா 26-ல இருந்து 34 வரைக்கும் வர்ற 4-ம் நம்பர். மாடுல் கட்டர்ல பெரும்பாலும் இது தலைகீழ், அங்க 1-ம் நம்பர்தான் 12, 13, நம்ம 32 போய் 5-ல விழும். மாடுல் கட்டர்லயே பழகின ஆளு டி.பி. டப்பாவ திறந்து பழக்க தோசத்துல 5 எடுத்தா அது 21-ல இருந்து 25 வரைக்கும் உள்ள வடிவம், பல்லு தப்பா வரும், கண்ணுக்கும் தெரியாது. நம்பர நம்பாதீங்க, கட்டர் மேல பொறிச்சிருக்கற 26-34-ங்கறத படிங்க. தேஞ்சுபோய் படிக்க முடியலீன்னா அந்தக் கட்டரே வேண்டாம்.

ஜூன் 25

உடைஞ்ச வீலயே பல்லு கட்டக்கூடாதான்னு திருப்பூர்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க, அவங்க வீட்டுக்காரர் பட்டறையில அப்படித்தான் செய்வாங்களாம். செய்யலாம்கா, எங்க ஆளுங்களும் நெறைய செஞ்சிருக்காங்க. வேர்ல வரிசையா ஓட்டை போட்டு டேப் அடிச்சு சின்ன ஸ்டட் மூணு நாலு முறுக்கி, அது மேல வெங்காரம் தூவி கேஸ்ல பித்தளை ஏத்தி, ஆறினதும் அரத்தால பல்லு உருவத்துக்கு கொண்டு வரணும். பக்கத்து நல்ல பல்லுல தகரத்த வச்சு அச்சு எடுத்துட்டு, வெளிச்சத்துக்கு எதிர பிடிச்சு வெளிச்சம் வர்ற எடத்தை மட்டும் தேச்சுகிட்டே போகணும். பொறுமை உள்ள ஃபிட்டர் செஞ்சா வருசக்கணக்கா ஓடும்.

ஒரு பல்லுன்னா அதையே சொல்லியிருப்பேன். பக்கத்து பக்கத்துல ரெண்டு, அதுவும் 14 டி.பி. சின்னப் பல்லு, புஷ்ஷும் போயிருக்கு. இதுக்கு புதுசு அறுக்கறது கூலி கம்மி. பழைய வீல் தூக்கிப் போட வேண்டாம் தம்பி, அடுத்த தடவ அளவு கேட்டா காட்டறதுக்கு ஆகும்.

ஜூலை 2

வீல் வந்து மாட்டியாச்சு. புஷ்ஷ மட்டும் பாக்காம விட்டுராதீங்கன்னு ஃபோன்ல சொன்னேன், பாத்தா டம்ளர் ஸ்டட்டுல எண்ணெய் ஓட்டை பூரா அடைச்சு கிடந்திருக்கு, கருப்பா பிசின் மாதிரி, கம்பி விட்டு குத்தி எடுத்திருக்கார். ஸ்டட்டுல சுத்தி சுத்தி கோடு. லேசா எமரி போட்டு, புது கன்மெட்டல் புஷ் அந்த ஸ்டட்டுக்கு ஏத்த மாதிரி போர் பண்ணிக்கிட்டா போதும்.

நம்மளும் யோக்கியம் இல்ல. ஆயுத பூஜைக்கு எண்ட் கவர நல்லா தொடச்சு சந்தனம் குங்குமம் வைக்கறோம், கவருக்கு உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தனும் பாக்கறதில்ல. போன வருச பொட்டு மேலயே இந்த வருச பொட்டு.

ஜூலை 3

சத்தம் எப்படின்னு கேட்டதுக்கு "பழசவிட கொஞ்சம் கத்துது"ன்னிருக்கார். புது வீல் பழைய தேஞ்ச வீலோட ஓடறப்ப கொஞ்ச நாள் அப்படித்தான். கத்தறது குறைஞ்சுகிட்டே வந்தா விட்டுருங்க. ஒரு சுத்துக்கு ஒரு தடவ டக் டக்னு கேட்டா அது வேற, பல்லு இடையில துருவல் எதுவோ மாட்டியிருக்கு, இல்ல புஷ் ஓட்டை மையம் தள்ளியிருக்கு.

அக்டோபர் 16

மூணு மாசம் கழிச்சு தம்பி வந்திருக்கார். "அண்ணா, பின் உடைஞ்சிருச்சு. கியரெல்லாம் நல்லா இருக்கு. அதே பையன், அதே ஜாப்."

நல்ல செய்திதான். பின்னுக்கு அதுதான் வேலை. பையனுக்கு வேற ஜாப் குடுங்க.

மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு. பின் ரெண்டு எடத்துல அறுந்திருக்கும், மூணு துண்டு. ரெண்டு துண்டு ஸ்லீவுல, நடுத்துண்டு ஷாஃப்டுக்குள்ள. ஸ்லீவ் சுத்தி நின்னிருக்கறதால ஓட்டை ஒத்து வராது, அப்படியே பஞ்ச் வச்சு அடிச்சா ஸ்லீவோட உள்பக்கத்துல போய் முட்டும். ஷாஃப்ட்ட மெதுவா திருப்பி ஓட்டைகளை நேர் கொண்டு வாங்க. அதுலயும் ரெண்டு நிலை இருக்கு, அரைச் சுத்து தள்ளியும் நேரா தெரியும், ஆனா அப்ப நடுத்துண்டோட பெரிய பக்கம் ஸ்லீவோட சின்ன பக்கத்துக்கு வந்துரும், அடிச்சா இன்னும் இறுகும். எந்தப் பக்கம் பெரிய வாய்ன்னு ஸ்லீவுலயும் ஷாஃப்டுலயும் இப்பவே சென்டர் பஞ்சுல ஒரு ஒரு புள்ளி வச்சுக்கோங்க. சின்ன வாய் பக்கத்துல இருந்து தட்டுங்க, மூணும் வரிசையா வெளிய வரும். புதுசு மாட்டறப்ப சுத்தியல்ல ரெண்டு தட்டு போதும், ஓங்கி அடிக்காதீங்க.

கழுத்து எடுத்த பின் ஒரு பத்து செஞ்சு எண்ட் கவருக்குள்ளயே டப்பாவுல போட்டு வைங்க. கையில பின் இல்லாத அன்னைக்குத்தான் எவனாவது டூல் பிட்ட தேடுவான்.